பதினான்காம் பாத்தி

பொங்கோல் கால்வாய்க் கரை,
எல்ஆர்டி பாலத்தடியில் பதினான்காம் பாத்தி.
பதிவேட்டில் கையெழுத்து என்னுடையது:
களை அகற்றப்பட்டது, முப்பத்தெட்டு மீட்டர்.

அகற்றப்பட்டது களை அல்ல.

நட்டபோது ஊதா.
'ஒயின் நிறம்' என்றிருந்தது விலைப்பட்டியலில்.
பாலத்தின் நிழல் பகல் முழுக்க விழுந்த இடத்தில் மட்டும்
மெல்ல மெல்லப் பச்சைக்குப் போயிருக்கிறது
யாரிடமும் சொல்லாமல்.
பக்கத்தில், நல்ல வெயிலில்,
யாரும் நடாத ஒன்று
செம்பழுப்புக் கதிரை நீட்டிக்கொண்டு
காசு கொடுத்து வாங்கியதைப் போலவே நின்றிருக்கிறது.

ரொபியுல் கேட்டான்.
கேட்டான் என்பதை எழுதியே ஆகவேண்டும்.
"மேடம், ரெண்டும் சேம். எது எடுக்க?"
நான் போனில் இருந்தேன்.
"பச்சையா இருக்கறதை எடு."

மறுநாள் லாரியில் ஏறக் காத்திருந்த சாக்கில்
ஒரு வேர்ப்பந்தில் தொங்கியது
நாற்றுப்பண்ணையின் பிளாஸ்டிக் அட்டை,
எங்கள் கம்பெனியின் பெயரோடு.

அன்று மாலையே
எதிர் புளோக்கிலிருந்து ஒரு பாராட்டு வந்தது, படத்துடன்:
புதுப் புல் மிக அழகு, நன்றி.
படத்தில் இருந்தது களை.
காற்று அதன் கதிர்களை ஒரே பக்கமாகச் சீவிவிட்டிருந்தது.
பொய் சொல்லவில்லை அந்த மனிதர், அழகாகத்தான் இருந்தது.

இரவு, சமையலறை மேசையில்
வெள்ளைத்தாள் மேல் இரண்டு கதிர்கள்.
பத்து மடங்கு லென்ஸ்.
இரண்டிலும் தூரிகை மயிர்.
இரண்டிலும் இலை தாளைப் பிரியும் இடத்தில் ரோம வரிசை.
இரண்டும் ஒரே பேரினம், ஒரே குடும்பப் பெயர்.
இனி ஒவ்வொரு பூங்கொத்தாகப் பிய்க்கவேண்டும்.

பிய்த்தால்,
நட்டது ஒரு சிறு காம்போடு வருகிறது,
அரிசி நுனி அளவு, அவ்வளவுதான்.
நடாதது காம்பே இல்லாமல்
தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது போலக் கழன்று வருகிறது.
உதிர்ந்தபின் மிஞ்சும் தண்டைத் தடவினால்
ஒன்று மிருதுவான ரோமம்.
மற்றதில் நகத்தைத் தட்டும் கூர் விளிம்புகள்.
நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை லென்ஸ்.

பனையையும் மூங்கிலையும்
புல் என்றே சேர்த்துக்கொண்ட மொழி எனக்கு.
அதில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தேடினேன்.
கிடைக்கவில்லை.
புத்தகத்தில் அதே பேரினத்தின் கீழே
மூன்றாவதாக ஒரு பெயர் கிடைத்தது:
கம்பு.

எழுந்து அலமாரியைத் திறந்தேன்.
தேக்காவில் வாங்கியது, சர்க்கரைக்கு நல்லதென்று,
ஒரு கிலோ, ஐந்து வெள்ளி எண்பது.
பாக்கெட்டின் மேல் அச்சிட்ட கதிரும்
அதே வடிவம், அதே நிமிர்வு, கொஞ்சம் பருத்தது.
வித்தியாசம் ஒன்றே ஒன்று என்கிறது புத்தகம்:
முதிர்ந்தாலும் இது தண்டை விடாது.
விடாததால்தான் அறுக்க முடிந்தது,
அறுக்க முடிந்ததால்தான் இது பாக்கெட்டில்,
அவை பாத்தியில்.

ரெண்டும் சேம் என்றான் ரொபியுல்.
மூன்றும், தம்பி.

காலையில் திருத்தம் அனுப்பினேன்.
தவறான செடி அகற்றப்பட்டது, உத்தரவு என்னுடையது,
நிழலில் நிறம் மாறும்.
திரு. கோ உடனே அழைத்தார்.
"புகார் வந்ததா?"
"இல்லை. பாராட்டு வந்தது."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அப்போ எதுக்கு அனுப்பினே?"

சொல்லத் தெரியவில்லை.
முப்பத்தெட்டு மீட்டருக்குப் புது நாற்று,
என் அடுத்த போனஸ்,
இந்த முறை நிழல் தாங்கும் வேறு செடி.

வீடு திரும்பி ஷூவைக் கழற்றினால்
காலுறையில் ஒற்றைப் பூங்கொத்து.
லென்ஸ் இல்லாமலே அடியைத் திருப்பிப் பார்த்தேன்.
காம்பு இல்லை.
பதினோராம் மாடி.
குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு
இது கீழே போய் எங்கே முளைக்கும் என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.